கடலிலிருந்து பார்க்க வேண்டிய மலை

செங்கல்பட்டு பேருந்து நிலையத்தில் விடியற்காலை ஐந்தரை மணிக்கே மீன் வாசம் இருந்தது. திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போகும் பேருந்தின் பின்னிருக்கைகளில் மீன்காரப் பெண்கள் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். கழுவிக் கவிழ்த்த அலுமினியக் கூடைகள் காலடியில். ஏலம் தொடங்குவதற்குள் கரையில் இருக்க வேண்டும் என்ற பரபரப்பு அவர்கள் பேச்சில் தெரிந்தது. கடலிலிருந்து முப்பது கிலோமீட்டர் உள்ளே இருக்கிற ஊர் செங்கல்பட்டு. அந்த ஊருக்குக் கடல் தினமும் இந்தக் கூடைகளில்தான் வந்து சேருகிறது.

நான் போனது மலை பார்க்க. அதற்குக் காரணம் திருகோணமலையில் ஒரு நண்பர் கேட்ட கேள்வி.

போன வருடம் அங்கே சுவாமி மலை என்கிற பாறையின் விளிம்பில் நின்றேன். கோணேசர் கோயில் அந்த உச்சியில்தான் இருக்கிறது. ஏறத்தாழ 400 அடி உயரப் பாறை, சரிவே இல்லாமல் கடலுக்குள் இறங்குகிறது. பாறையை மேலிருந்து கீழ்வரை பிளந்ததுபோல் ஒரு வெடிப்பு. இராவணன் வெட்டு என்று பெயர். அடியில் அலை மோதுவது கண்ணுக்குத் தெரிந்து, சத்தம் சற்று நேரம் கழித்துத்தான் காதுக்கு வருகிறது. சம்பந்தர் பதிகம் பெற்ற தலம். 1622-இல் போர்த்துக்கீசர் கோயிலை இடித்து, அந்தக் கற்களைக் கோட்டை கட்ட எடுத்தார்கள். கடலில் விழுந்த தூண்களையும் சிற்பங்களையும் 1956-இல் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் மூழ்கிப் பார்த்துப் படம் எடுத்தார்கள். என்னைக் கூட்டிப்போன நண்பர் விளிம்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "உங்கட பக்கத்தில இப்பிடிக் கடலுக்குள்ள நிக்கிற மலை இருக்கோ?"

"மாமல்லபுரம் இருக்கிறது" என்றேன். சொன்ன கையோடு மனசு உறுத்தியது. மாமல்லபுரத்து மலை கடலுக்குள் நிற்கவில்லை. கரையிலிருந்து அரைக் கிலோமீட்டர் தள்ளி, மாடிவீடுகளுக்கும் சிற்பக்கூடங்களுக்கும் நடுவே, படுத்திருக்கும் மாட்டின் முதுகுபோல வடக்கு தெற்காகக் கிடக்கிறது. ஹவாயின் மொலோகாய் தீவில் 3,000 அடிக்கு மேல் கடலிலிருந்து எழும் பாறைச்சுவர் உண்டு என்று படித்திருக்கிறேன். நம் சோழமண்டலக் கரையில், பழவேற்காட்டிலிருந்து கோடியக்கரை வரை, கடலுக்கு நேராக மார்பு காட்டி நிற்கும் மலை ஒன்றுகூடக் கிடையாது. முழுக்க மணல். ஆனாலும் நான் பொய் சொன்னதாகத் தோன்றவில்லை. ஏன் தோன்றவில்லை என்று பார்த்துவிடத்தான் இந்தப் பயணம். மாசி மகம் கழிந்த இரண்டாம் நாள் கிளம்பினேன்.

திருக்கழுக்குன்றத்தில் இறங்கி மலையேறினேன். அடிவாரத்தில் பக்தவத்சலேசுவரர், உச்சியில் வேதகிரீசுவரர். மலை சுமார் 500 அடி. படிகள் ஐந்நூறுக்கு மேல். வெயில் ஏறுமுன் ஏறிவிட்டால் சிரமம் தெரியாது. நடுவயதுப் பெண் ஒருவர் ஒவ்வொரு படிக்கும் மஞ்சளும் குங்குமமும் வைத்துக்கொண்டே ஏறிவந்தார். அவரைக் கடந்து போக மனமில்லாமல் பாதித் தூரம் பின்னாலேயே நடந்தேன். படியின் நடுப்பகுதி பல தலைமுறைக் கால்களால் தேய்ந்து வழவழவென்று குழிந்திருக்க, அவர் பொட்டு வைத்தது ஓரத்தில், கால் படாத இடத்தில்.

இந்த ஊருக்குப் பெயர் தந்த கழுகுகள் இப்போது வருவதில்லை. முன்பெல்லாம் நண்பகல் தோறும் இரண்டு பறவைகள் உச்சிப் பாறையில் வந்து இறங்கும். அர்ச்சகர் கையால் பொங்கல் வாங்கித் தின்றுவிட்டுப் பறந்துபோகும். அவற்றைப் பார்க்கவே வெளியூரிலிருந்து சனம் வரும். என் அம்மா சின்ன வயதில் பார்த்திருக்கிறார். வெள்ளை உடம்பு, மஞ்சள் முகம், இறக்கை ஓரத்தில் கறுப்பு என்று அவர் சொன்ன அடையாளம் மஞ்சள்முகப் பாறு என்கிற இனத்துக்கு அப்படியே பொருந்துகிறது. 1990-களோடு அந்த வரவு நின்றுபோனது. அதே காலத்தில்தான் நாடு முழுக்கப் பாறுகள் செத்து விழுந்தன. மாட்டுக்குப் போடும் டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்து, செத்த மாட்டைத் தின்ற பறவைகளின் சிறுநீரகத்தைக் கெடுத்தது. கால்நடைகளுக்கு அந்த மருந்தைக் கொடுக்கக் கூடாதென்று 2006-இல் அரசு தடை போட்டபோது பெரும்பாலான பறவைகள் போய்விட்டிருந்தன. அவை இறங்கிய பாறையில் இப்போது இரண்டு காகங்கள் உட்கார்ந்திருந்தன. காகங்களுக்கு ஒரு வருத்தமும் இல்லை. எனக்குத்தான் தொண்டையை அடைத்தது.

உச்சியில் கிழக்கே பார்த்து நின்றேன். கீழே சங்கு தீர்த்தம் சதுரக் கண்ணாடிபோல. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒரு முறை அந்த நன்னீர்க் குளத்தில் சங்கு பிறக்கிறது என்பது ஊரின் நம்பிக்கை. சங்கு வெளிப்படும் நாளில் ஊரே திரண்டு நிற்கும். குளத்தைத் தாண்டி வயல், ஏரிக்கரைகள், பனை. அதற்கும் அப்பால் அடிவானத்தில் வெண்மையாக ஒரு கோடு. கடல்தானா வெயிலின் மினுக்கமா என்று கொஞ்ச நேரம் தெரியவில்லை. பிறகு கோட்டின் நடுவே ஊசி குத்தி வைத்ததுபோல ஒன்று தட்டுப்பட்டது. மாமல்லபுரத்துக் கலங்கரை விளக்கம். வரைபடத்தில் பார்த்தால் இந்த மலைக்கு ஏறத்தாழ நேர் கிழக்கே, பதினான்கு பதினைந்து கிலோமீட்டரில் இருக்கிறது அது. இந்த இரண்டையும் ஒரே பார்வையில் சேர்த்துப் பார்த்தது எனக்கு அதுதான் முதல் தடவை. நாளை இவை எனக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து தெரியப்போகின்றன என்று அப்போது நினைக்கவில்லை.

இறங்கும் வழியில் ஒருகல் மண்டபம். ஒரே பாறையைக் குடைந்த பல்லவர் காலக் குடைவரை. முதலாம் நரசிம்மவர்மன் காலக் கல்வெட்டு இருக்கிறது. மாமல்லன் என்று பெயர் பெற்று, கடற்கரை ஊருக்கும் அந்தப் பெயரை விட்டுப்போனவன். ஆனால் நான் நெடுநேரம் நின்றது வேறு எழுத்துகளின் முன்னால். 17-ஆம் நூற்றாண்டில் சதுரங்கப்பட்டினத்தில் கோட்டை கட்டித் துணி வாங்கிக்கொண்டிருந்த டச்சுக்காரர்கள் இங்கே வந்து தங்கள் பெயர்களைச் சுவரில் செதுக்கியிருக்கிறார்கள். கோயில் சுவரில் பெயர் வெட்டுவது தப்புத்தான். என்றாலும் அந்த எழுத்துகளை விரலால் தடவியபோது, அவர்கள் இந்த மலையை முதலில் எங்கிருந்து பார்த்திருப்பார்கள் என்ற யோசனை வந்தது. கப்பலிலிருந்து பார்த்திருப்பார்கள். பல மாதம் தண்ணீரையே பார்த்துக் களைத்த கண்ணுக்கு, தென்னங்கரை தெரிவதற்கு வெகு முன்னால், அடிவானத்தில் நீலமாக எழுந்த மேடு இதுவாகத்தான் இருக்க முடியும். 500 அடி மலையின் உச்சி, தெளிந்த நாளில் நாற்பது கிலோமீட்டருக்கு அப்பாலும் தெரியும். பூமியின் வளைவுக் கணக்கு அப்படிச் சொல்கிறது. மலை கரையிலிருந்து பதினைந்து கிலோமீட்டர் உள்ளே இருப்பதைக் கழித்தாலும், கடலில் இருபத்தைந்து கிலோமீட்டர் தொலைவில் வருகிற மாலுமிக்குக் கரையின் முதல் சேதி இந்த மலைதான்.

மாமல்லபுரம் போய்ச் சேர்ந்தபோது பதினொன்று. பக்கிங்காம் கால்வாயைத் தாண்டியதுமே உளிச் சத்தம். இப்போது உளியோடு கிரைண்டரும் சேர்ந்து இரைகிறது. சாலையோரம் முகம் மட்டும் முடிந்த பிள்ளையார்கள், தலை இல்லாத நந்திகள், வெள்ளைப் பொடி அப்பிய பையன்கள். 1957-இல் இங்கே தொடங்கிய சிற்பக் கல்லூரியில் படித்து வந்தவர்கள் நடத்தும் பட்டறைகளும் இருக்கின்றன, அப்பனிடம் உளி பிடித்துக் கற்றவர்களின் பட்டறைகளும் இருக்கின்றன.

அர்ச்சுனன் தபசு, ஐந்து ரதம், கடற்கரைக் கோயில் என்று எல்லாரும் பார்ப்பதை இந்த முறை நான் பார்க்கவில்லை. அவற்றைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். சிற்பத்தைப் பார்க்க வருகிறவர்கள் மலையைப் பார்ப்பதே இல்லை என்பதுதான் என் ஆதங்கம். எல்லாச் சிற்பமும் இந்த மலையின் உடம்புதானே. வான் இறைக்கல் என்று ஊரில் சொல்கிற உருண்டைப் பாறையிலிருந்து தொடங்கி, தெற்கு நோக்கி மேட்டின் முதுகிலேயே நடந்தேன். சரிவில் எந்த நொடியும் உருண்டுவிடும் போல நிற்கும் அந்த இருபதடி உயரக் கல்லை யாரும் கொண்டுவந்து வைக்கவில்லை. ஒரு காலத்தில் அதைச் சுற்றிலும் பாறை இருந்தது. வெயிலும் மழையும் வெங்காயச் சருகுபோல ஒவ்வொரு பட்டையாக உரித்து எடுக்க, கெட்டியான நடுப்பகுதி மட்டும் நிற்கிறது. சென்னைக் கரையோரத்துப் பாறைகளின் வயது சுமார் 250 கோடி ஆண்டு என்கிறார்கள். உலகம் முழுக்கச் சார்னோக்கைட் என்று படிக்கிற பாறை வகையை முதலில் விவரித்தது பரங்கிமலைப் பக்கத்துக் கல்லை வைத்துத்தான். பூமிக்குள் வெகு ஆழத்தில் வெந்து இறுகி, மேலே மூடியிருந்தவையெல்லாம் கரைந்துபோன பிறகு வெளிச்சத்துக்கு வந்தவை.

மேட்டின் முதுகில் எங்கு பார்த்தாலும் ஆப்புக் குழிகள். இரண்டு விரல் நுழையும் அகலம். ஒரு சாண் இடைவெளி விட்டு நூல் பிடித்ததுபோல் வரிசை. ஆப்பு இறக்கிப் பாறையைப் பிளக்க எடுத்த குழிகள். சில வரிசைகளில் கல் பிளந்து போயிருக்கிறது. சில வரிசைகள் பிளக்காமல் அப்படியே நின்றுவிட்டன. முடிக்காமல் விட்ட ஒரு குடைவரையின் முன் குனிந்து பார்த்தேன். பாறை முகத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, கட்டங்களுக்கு நடுவே வாய்க்கால்போல ஆழமாக வெட்டி, எஞ்சிய மேடுகளைச் சுத்தியால் தட்டி எடுத்திருக்கிறார்கள். தட்டாமல் விட்ட மேடு ஒன்றில் உளி பட்ட கோடுகள் மழையில் நனைந்த மண்ணில் கோழி கீறியதுபோலப் பச்சையாக இருக்கின்றன. ஆயிரத்து முந்நூறு வருடத்துக்கு முன்னால் ஒருவன் அந்த மேட்டை நாளைக்குத் தட்டலாம் என்று உளியைக் கீழே வைத்திருக்கிறான்.

மேட்டின் உயர்ந்த பகுதியில் இருக்கிறது உழக்கெண்ணெய் ஈசுவரர் கோயில். நேர் கீழே மகிடாசுரமர்த்தினி குடைவரை: ஒரு பக்கச் சுவரில் சிங்கத்தின் மேல் துர்க்கை சண்டை போடுகிறாள், எதிர்ச்சுவரில் திருமால் பாம்பணையில் உறங்குகிறார். அதன் தலைக்கு மேல் சிகரம் இழந்து மொட்டையாக நிற்கும் கற்றளி, பல்லவ மன்னன் இராசசிம்மன் காலத்தது. பெயருக்கு ஊரில் சொல்லும் விளக்கம் எனக்குப் பிடித்தது. இந்த உச்சியில் இரவெல்லாம் விளக்கு எரிய வேண்டும். அதற்கு வீட்டுக்கு ஓர் உழக்கு எண்ணெய் கொடுக்க வேண்டும். அந்த எண்ணெயில் விளக்கு எரிந்த ஈசுவரன், உழக்கெண்ணெய் ஈசுவரன். பெயராய்வு இதை ஏற்றாலும் ஏற்காவிட்டாலும், ஓர் ஊர் தன் மலையைப் பற்றி இப்படிச் சொல்லிக்கொள்வதற்கு ஒரு பொருள் இருக்கிறது. உழக்கு என்பது காற்படி. ஏழைவீடும் கொடுத்துவிடக்கூடிய அளவு. கடலில் இருப்பவன் அந்த வீட்டுக்காரனாகவே இருந்திருப்பான்.

விளக்குக் கதை வெறும் கதையாக நிற்கவில்லை. 1887-இல் ஆங்கிலேய அரசு கப்பல்களுக்காக விளக்கு ஏற்றியது இதே கோயிலின் கூரை மேல்தான். பக்கத்திலேயே கல்லால் கட்டிய வட்டக் கோபுரம் 1904-இல் வந்தது. இன்று சுழலும் விளக்கு அதில். இன்னும் பின்னே போனால் பெரும்பாணாற்றுப்படை இருக்கிறது. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனார், நீர்ப்பெயற்று என்ற துறைமுகத்தைச் சொல்லும்போது, ஏறுவதற்கே அரிதான உயர்ந்த மாடத்தில் இரவில் ஏற்றிய நெருப்பு கடலில் ஓடும் கலங்களைக் கூப்பிடுவதாகச் சொல்கிறார். அந்தத் துறைமுகம் மாமல்லபுரம்தான் என்று சிலரும், பாலாற்று முகத்துவாரத்துப் பக்கம் என்று சிலரும் எழுதியிருக்கிறார்கள். எதுவானாலும் இந்தக் கரைதான். திருமங்கையாழ்வார் கடல்மல்லையைப் பாடும்போது யானையும் மணியும் பொன்னும் பாரமாக ஏற்றிய கலங்கள் இயங்கும் துறை கண்ணுக்கு வருகிறது. பிறகு வந்த ஐரோப்பிய மாலுமிகள் இந்த ஊருக்கு ஏழு கோயில் என்று பெயர் வைத்தார்கள். கரையில் கால் வைக்காமலேயே ஓர் ஊருக்குப் பெயர் வைக்க, அது கடலிலிருந்து தெரிந்தாக வேண்டும்.

சீட்டு வாங்கிக் கலங்கரை விளக்கத்தில் ஏறினேன். உள்ளே சுழல்படி, கடைசியில் குறுகலான இரும்பு ஏணி. மேலே காற்று சட்டையைப் பிடித்து இழுத்தது. மேற்கே திரும்பினால் திருக்கழுக்குன்றம், காலையில் நான் நின்ற உச்சி. தெற்கே கல்பாக்கம் அணுமின் நிலையத்தின் கட்டடங்கள். கிழக்கே கடற்கரைக் கோயில், அதன் காலடியில் அலையைத் தடுக்கக் கொட்டிய கருங்கல், அதற்கு அப்பால் தண்ணீரில் அங்கங்கே வெள்ளையாக நுரை உடையும் திட்டுகள். அலை கரைக்கு வந்துதானே உடைய வேண்டும்? நடுக்கடலில் எதன் மேல் உடைகிறது?

2004 டிசம்பர் 26 காலை இந்த ஊர்க்காரர்கள் அதைப் பார்த்தார்கள். சுனாமி அடிப்பதற்கு முன் கடல் பல நூறு அடி பின்வாங்கியது. தண்ணீர் போன இடத்தில் பாறைகள் வரிசையாகத் தலை தூக்கி நின்றன. அதற்கு இரண்டு வருடம் முன்பே, 2002 ஏப்ரலில், கோவாவில் இருக்கும் தேசியக் கடலியல் நிறுவனத்தாரும் இங்கிலாந்து மூழ்குநர்களும் கரையிலிருந்து ஐந்நூறு எழுநூறு மீட்டரில் மூழ்கி, ஐந்து முதல் எட்டு மீட்டர் ஆழத்தில் சுவர்போன்ற அமைப்புகளையும் வெட்டிய கற்களையும் பார்த்திருந்தார்கள். சுனாமி மணலை அரித்துக்கொண்டு போனதில் வடக்கே சாளுவன்குப்பத்தில் கல்வெட்டுள்ள பாறை ஒன்று வெளியே வந்தது. அதைப் பிடித்துக்கொண்டு தோண்டியதில் செங்கல்லில் கட்டிய பழைய முருகன் கோயில் கிடைத்தது. கடல் எடுத்ததைக் கடலே காட்டிக்கொடுத்தது.

திருகோணமலை நண்பருக்கான பதிலில் பாதி எனக்கு அங்கேயே கிடைத்துவிட்டது. இங்கே கெட்டிப் பாறை இல்லாமல் போகவில்லை. பாலாறும் பிற ஆறுகளும் கொண்டுவந்து கொட்டும் மணலை அலை வருடத்தில் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்காகவும், வாடைக் காலத்தில் வடக்கிலிருந்து தெற்காகவும் இழுத்து இழுத்துக் கரையெங்கும் பரப்பி, மலையின் இடுப்பை மூடிவிட்டது. தலை இந்தப் பக்கம் மேடாக நிற்கிறது. கால் தண்ணீருக்குள் கிடக்கிறது. நடுவில் போர்த்திய மணலின் மேல்தான் ஊர், கோயில், விடுதி, மீன்கடை எல்லாம்.

சாயங்காலம் கரைக்குப் போனேன். மாசி மகத்துக்கு வந்த இருளர் பழங்குடியினரில் பெரும்பாலோர் போய்விட்டிருந்தார்கள். ஒவ்வொரு வருடமும் இந்தப் பௌர்ணமிக்குச் செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர், விழுப்புரம் பக்கங்களிலிருந்து ஆயிரக்கணக்கில் வந்து, சேலையைக் கட்டிக் குடில் போட்டு மணலிலேயே தங்குகிறார்கள். விடியலில் கன்னியம்மனுக்குப் பூசை. அங்கேயே கல்யாணமும் நடக்கும். அவர்கள் மணலில் கட்டிய ஏழு படிகளில் மூன்று அலைக்குத் தப்பி இன்னும் இருந்தன. படியில் வெற்றிலையும் கரைந்த கற்பூரத்தின் கறையும். கடைசியாகக் கிளம்பிக்கொண்டிருந்த குடும்பத்தின் கிழவி ஒரு தண்ணீர்ப் போத்தலில் கடல்நீரைப் பிடித்து மூடியை இறுக்கினாள். "வூட்டாண்ட தெளிக்க" என்றாள், நான் கேட்காமலே.

இருட்டியதும் பின்னால் திரும்பிப் பார்த்தேன். நிலவு எழ இன்னும் நேரம் இருந்தது. மலைமேல் விளக்கு சுழலத் தொடங்கியிருந்தது. வெளிச்சம் ஊரின் மேல் விழாமல் எங்கள் தலைக்கு மேலாகக் கடலுக்குப் போனது. கரையில் நிற்கிறவனுக்கு அந்த விளக்கால் ஒரு பயனும் இல்லை. உழக்கெண்ணெய் கொடுத்த வீடுகளுக்கும் அந்த வெளிச்சம் விழுந்திருக்காது.

மறுநாள் விடிகாலை நாலரைக்கு ஃபைபர் படகில் ஏறினேன். தெரிந்த ஒருவர் சொல்லி ஏற்பாடு. படகுக்காரப் பெரியவருக்கு எழுபது இருக்கும். கூட அவர் மகனும் பேரனும். மூன்று பேருமாகப் படகை அலைக்குள் தள்ளும்போது நானும் தோள் கொடுத்தேன். "நீ ஏறிக்க தம்பி, காலு மாட்டிக்கும்" என்று பெரியவர் என்னை முதலில் உள்ளே தூக்கிப் போட்டார். இரண்டு அலை முகத்தில் அடித்தது. மூன்றாவதைத் தாண்டியதும் இஞ்சின் பிடித்துக்கொண்டது.

ஒரு மணி நேரம் போயிருப்போம். விடியல் முதுகுக்குப் பின்னால் சிவந்தது; நான் கரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். ஊர் முதலில் தாழ்ந்தது. விடுதிகளின் விளக்குகள், தென்னைகள், கடற்கரைக் கோயிலின் அடிப்பகுதி என்று ஒவ்வொன்றாகத் தண்ணீருக்குள் இறங்கின. மேடு மட்டும் இறங்கவில்லை. அதன் மேல் கோபுரம். வெளிச்சம் வந்ததும் அதற்குப் பின்னால், இன்னொரு படி உயர்ந்து, சாம்பல் நீலத்தில் திருக்கழுக்குன்றம் எழுந்து நின்றது. செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் வரை நேற்று நான் கடந்த தூரம் முழுவதும் மடிந்து, இரண்டு மலைகளும் ஒன்றன் தோளில் ஒன்று சாய்ந்ததுபோல ஆகிவிட்டன. திருகோணமலையில் பாறையின் உச்சியில் நின்று கடலைப் பார்த்தேன். இங்கே தண்ணீரில் உட்கார்ந்து நிமிர்ந்து பார்த்தபோதுதான் இந்த மலையின் உயரம் தெரிந்தது.

"ஐயா, இங்கேருந்து பார்க்கையில பெரிசா தெரியுதே" என்றேன்.

"கரைல இருக்கறவனுக்கு அது குன்னு. நமக்கு மலை" என்றார்.

பிறகு கையை நீட்டிச் சொல்லிக்கொடுத்தார். கோபுரத்துக்கு நேர் பின்னால் கழுக்குன்றம் வர வேண்டும். ஒட்டவும் கூடாது, விலகவும் கூடாது. அது ஒரு கோடு. தெற்கே அணுமின் நிலையத்துக் குழாயும் சவுக்குத் தோப்பின் முனையும் ஒன்றாகத் தெரிய வேண்டும். அது இன்னொரு கோடு. இரண்டு கோடும் வெட்டும் இடத்தில் தண்ணீருக்கு அடியில் பார் இருக்கிறது. பார் என்றால் கடலடிப் பாறை. மீன் அண்டும் இடம். சுற்றிலும் வெறும் மணல் தரை, வலை வீசினால் கிடைக்கிறது வேறு மீன். பாரின் மேல் தூண்டில் இறங்கினால் சங்கராவும் களவாவும். பார் ஒரு வீட்டு மனையளவுதான் இருக்கும். பத்துப் பாகம், அதாவது பத்து ஆள் கைவிரித்த நீளம், தள்ளி இறக்கினால் தூண்டில் சும்மா தொங்கும். அப்பன் காட்டியது, அப்பனுக்கு அவர் அப்பன் காட்டியது, வெளியாளுக்குச் சொல்வதில்லை. எனக்குச் சொன்னது நான் தனியாகத் திரும்பி வரமாட்டேன் என்ற நம்பிக்கையில் என்று நினைக்கிறேன். அதனால் தெற்குக் கோட்டின் அடையாளங்களை இங்கே மாற்றி எழுதியிருக்கிறேன்.

பேரனிடம் கைபேசி அளவில் ஒரு ஜிபிஎஸ் கருவி இருந்தது. பாரின் இடம் அதில் எண்ணாக ஏறியிருக்கிறது. அவன் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். தாத்தா மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இருவரும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் கையைத் தூக்கினார்கள்.

"வடக்கால இன்னொரு பாரு கீது" என்றார் பெரியவர், நங்கூரக் கயிற்றை விட்டுக்கொண்டே. "நல்ல பாரு. அதுக்கு அடையாளம் உள்ளாற ஒரு கரடு, மேல மொட்டையா இருக்கும். கல்லு ஒடைக்கறன்னு ஒடைச்சி ஒடைச்சி, வருசா வருசம் கொறைஞ்சிக்கினே வந்துச்சி. இப்ப தெரியறதில்ல. பாரு அங்கதான் கீது. எனக்கு அடையாளம் இல்ல."

செங்கல்பட்டு மாவட்டத்துக் குன்றுகள் ஜல்லியாகவும் எம்-சாண்டாகவும் லாரி லாரியாகச் சென்னைக்குப் போகின்றன. அதைச் சாலையில் பார்த்து வருத்தப்பட்டிருக்கிறேன். மரம் போகிறது, ஏரிக்கு ஓடிவரும் தண்ணீர் போகிறது, தூசியில் பிள்ளைகள் இருமுகிறார்கள் என்பதெல்லாம் தெரியும். குன்றை உடைத்தால் கடலில் ஒருவனுக்கு வழி அழியும் என்பது அன்றுவரை எனக்குத் தெரியாது. உத்தரவு கொடுக்கிறபோது அளந்து பார்க்கிற எந்தக் காகிதத்திலும் அவன் இருக்கமாட்டான். அவன் அந்தக் குன்றின் அடிவாரத்தில் குடியிருப்பவன் இல்லை. இருபது கிலோமீட்டர் கிழக்கே, தண்ணீரின் மேல் இருக்கிறான். திருக்கழுக்குன்றத்தை வேதகிரீசுவரர் காப்பாற்றிக்கொண்டிருக்கிறார். மாமல்லபுரத்து மேட்டைத் தொல்லியல் துறையும் 1984-இல் கிடைத்த உலகப் பாரம்பரியச் சின்னம் என்ற பெயரும் காக்கின்றன. பெயரில்லாத கரடுகளுக்கு யாரும் இல்லை.

நங்கூரம் பாறையைக் கவ்வியது கயிற்றில் தெரிந்தது. பெரியவர் கயிற்றை என் கையில் கொடுத்தார். "புடிச்சிப் பாரு." இழுத்தேன். படகின் ஆட்டத்துக்கு அடியில், கீழே அசையாத ஒன்று இருந்தது. நேற்று உழக்கெண்ணெய் ஈசுவரர் வாசலில் வெறுங்காலில் நின்றபோது உணர்ந்த அதே கெட்டி. நடுவில் தண்ணீர்.

மகன் கணவாய்த் துண்டைக் கொக்கியில் மாட்டி இறக்கினார். ஈயக்குண்டு இழுத்த இழுப்புக்கு நரம்பு அவர் விரல் இடுக்கில் வழுக்கிக்கொண்டே போய், பன்னிரண்டு பாகத்தில் நின்றது. யாரும் பேசவில்லை. கழுக்குன்றத்தின் மேல் வெயில் விழுந்து, உச்சிக் கோயில் சுண்ணாம்புப் புள்ளிபோல் தெரிய ஆரம்பித்தது. நீரோட்டத்தில் படகு சற்று நகர, கோபுரத்தின் பின்னாலிருந்து மலை லேசாக விலகியது. பெரியவர் துடுப்பை ஒரே ஒரு முறை போட்டார். மலை திரும்பவும் கோபுரத்தின் பின்னால் வந்து நின்றது.

நரம்பு வெட்டி இழுத்தது. "சங்கரா" என்றான் பேரன், மீன் இன்னும் தண்ணீருக்குள்ளேயே இருந்தபோது.